கணுக்காலை மூடினால் பிசகாதா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 46 வயது. ஆகஸ்டில் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து உத்தராகண்டில் மலர்ப் பள்ளத்தாக்குக்கும் ஹேம்குண்ட் சாஹிபுக்கும் போகிறோம். ஷூ வாங்கப் போனால் கடையில் கணுக்காலுக்கு மேலே வரும் தோல் பூட்ஸை எடுத்து வைத்து, 'மலைக்கு இதுதான் மேடம், இல்லைன்னா கால் பிசகிடும்' என்கிறார்கள். ஜோடி 1 கிலோ 300 கிராம். காலேஜ் படிக்கும் மகனோ, 'இப்ப எல்லாரும் லைட் ஷூதான்மா, உன் ரன்னிங் ஷூவே போதும்' என்கிறான். மூன்று வருடம் முன்பு மாடிப்படியில் இடது கணுக்கால் பிசகி ஒரு மாதம் நொண்டினேன். போன வருடம் பருவதமலை இறங்கியதில் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து விழுந்தன. நான் எதை வாங்குவது? வாட்டர்ப்ரூஃப் வேண்டுமா? எந்த பிராண்ட் நல்லது? சொல்லுங்கள் டாக்டர்."

வணக்கம். முதலில் ஒரு திருத்தம், நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். கோவையில் கிளினிக் வைத்திருக்கிறேன். வெள்ளியங்கிரி சீசன் வந்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் என் கிளினிக் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். மலையேறிய கால்களோடு பழகியே வருஷங்கள் ஓடிவிட்டன, நானும் வருடத்துக்கு இரண்டு மூன்று மலை ஏறுகிறவன்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்னது தப்பு. மகன் சொன்னது பாதி சரி.

பூட்ஸை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், எடை. காலில் கட்டுகிற எடையும் முதுகில் சுமக்கிற எடையும் ஒன்றல்ல. முதுகுப் பை உங்களோடு சேர்ந்து ஒரே சீராக நகர்கிறது, ஆனால் ஷூவை ஒவ்வொரு அடிக்கும் தரையிலிருந்து தூக்கி, முன்னே வீசி, நிறுத்தி, மறுபடி தூக்க வேண்டும். ராணுவ வீரர்களின் பூட்ஸை மனதில் வைத்துச் செய்த பழைய ஆய்வுகளிலேயே, காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் நாலு முதல் ஆறு கிலோவுக்குச் சமமான சக்தியைத் தின்கிறது என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் கணக்கையே போடுவோம். கடையில் காட்டிய பூட்ஸ் 1,300 கிராம், நல்ல லேசான ட்ரெயில் ஷூ, அதாவது மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே செய்த ஷூ, ஜோடி சுமார் 600 கிராம். வித்தியாசம் ஒரு காலுக்கு 350 கிராம். நீங்கள் தங்கப்போகிற காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் ஏற 6 கிலோமீட்டர், இறங்க 6 கிலோமீட்டர், ஏற்றத்தில் அடி சின்னதாகத்தான் விழும் என்பதால் மொத்தம் 20,000 அடி தாராளமாக வரும். ஒவ்வொரு காலும் 10,000 முறை 350 கிராமைக் கூடுதலாகத் தூக்குகிறது, அதாவது காலுக்கு மூன்றரை டன். ஒரே நாளில். அதுவும் 3,000 மீட்டரில் தொடங்கி 4,300 மீட்டருக்கு மேலே போகிற, மூச்சே பாதி கிடைக்கிற பாதையில்.

களைத்த கால்தான் பிசகும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பிசகி வருகிறவர்களிடம் எப்போது நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இறக்கத்தில், சாயங்காலத்தில், வண்டி நிற்கிற இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான்.

இப்போது அந்தக் கணுக்கால் விவகாரம். உயரமான ஷூ போட்டால் கணுக்கால் பிசகாது என்பது கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருக்கிறது, அதனாலேயே யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. 1993இல் அமெரிக்காவில் 622 கல்லூரி கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பிரித்து, சிலருக்கு உயரமான ஷூ, சிலருக்குக் காற்றடைத்த உயரமான ஷூ, சிலருக்குத் தாழ்ந்த ஷூ கொடுத்து ஒரு சீசன் முழுக்கப் பார்த்தார்கள். கணுக்கால் காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. கூடைப்பந்துத் தளம் மலை இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதித்துத் திரும்பிக் குறுக்கே பாய்கிற அந்த ஆட்டத்திலேயே உதவாத ஓர் அங்குலத் துணியும் பஞ்சும், நிதானமாக நடக்கிற உங்களுக்கு மட்டும் என்ன உதவப்போகிறது? பனிச்சறுக்கு பூட்ஸ் போல முழங்கால் கீழே வரை இறுக்கிப் பிடிக்கிற கெட்டி ஓடு என்றால் காப்பாற்றும், அதைப் போட்டுக்கொண்டு மலை ஏற முடியாது.

கணுக்காலைக் காப்பது வெளிப்பக்கம் ஓடுகிற இரண்டு பெரோனியஸ் தசைகளும், 'பாதம் சாய்கிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்புகிற தசைநார்களும்தான். ஒருமுறை பிசகியபோது உங்கள் இடது காலில் கெட்டது அந்தச் சேதிப் போக்குவரத்து. வீக்கம் வடிந்து, வலி போய், நடக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் சேதி போவதில் கண்ணிமைக்கும் நேரத் தாமதம் பலருக்கு அப்படியே தங்கிவிடும். அதற்கு மருந்து, காலையும் இரவும் பல் தேய்க்கிற இரண்டு நிமிடம் இடது காலில் மட்டும் நிற்பது. முதல் வாரம் வெறும் தரையில், இரண்டாவது வாரம் நாலாக மடித்த ஜமுக்காளத்தின் மேல், அப்புறம் தலையணை மேல். வாஷ்பேசின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கூடவே மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது, பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. ஆகஸ்டுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது, போதும். (பல் தேய்த்துக்கொண்டே ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்து மகன் வீடியோ எடுப்பான், எடுக்கட்டும்.)

ஷூ கணுக்காலைக் கெடுக்கிற விதம் வேறு, அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அடிப்பகுதியின் தடிமன். இப்போது வருகிற சில ஓட்ட ஷூக்கள் மெத்தை மாதிரி நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பஞ்சு வைத்து வருகின்றன, போட்டதும் மேகத்தில் நடக்கிற மாதிரி இருக்கும், தார் ரோட்டில் அருமை. கல்லின் விளிம்பில் அந்த உயரத்திலிருந்து பாதம் சாய்ந்தால், ஸ்டூலில் நின்று சாய்வதும் தரையில் நின்று சாய்வதும் போலத்தான் வித்தியாசம். லேசான ஷூவிலேயே தரைக்குப் பக்கத்தில் பாதம் இருக்கிற, அடிப்பாகம் அகலமான மாடலைப் பாருங்கள்.

மகன் சொன்னதில் தப்பு இருப்பது அடிப்பாகத்தின் ரப்பரில். நகரத்து ரன்னிங் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் மெல்லிய ரப்பர் துண்டுகள் ஒட்டியிருக்கும், நடுவில் வெறும் பஞ்சு, பள்ளங்கள் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் போகிற பாதையோ பெரும்பகுதி கல் பாவியது. பல்லாயிரம் யாத்ரீகர்களும் கோவேறு கழுதைகளும் மிதித்து மிதித்து வழுவழுப்பாக்கிய கல், அதன் மேல் மழைக்கால ஈரம், அதன் மேல் கழுதைச் சாணம். (பள்ளத்தாக்குக்குள் கழுதைகளை விடுவதில்லை, காங்கரியா வரையும் ஹேம்குண்ட் பாதையிலும்தான் இந்தச் சேறு.) அந்த இடத்தில் வேண்டியது மெத்தை இல்லை, பிடி. மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் ஆழமான பற்கள், பற்களுக்கு நடுவே சேறு உதிர்கிற மாதிரி இடைவெளி, விரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இறங்குகிற மென்மையான ரப்பர். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், ஈரக்கல்லில் நிற்கும். கெட்டி ரப்பர் பத்து வருஷம் உழைக்கும், வழுக்கும். இந்தப் பேரத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

வீட்டுப் பின்னால் துணி துவைக்கிற கல் இருக்கிறதா? வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு, கல்லில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, சுவரைப் பிடித்தபடி ஏறி நின்று முன்பாதத்தை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கென்று போனால் அங்கேயும் அப்படித்தான் போகும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிற கெடுவுக்குள் இதைச் செய்துவிடுங்கள், கல்லைக் கழுவிவிட்டு.

இந்த ரப்பர்ப் பல் சமாசாரத்துக்குப் பின்னால் ஒரு துக்கக் கதை உண்டு. 1930களில் மலையேறிகள் ஆணி அடித்த தோல் பூட்ஸோடுதான் ஏறினார்கள். 1931இல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்புகிற வழியில் பிரிட்டிஷ் மலையேறி பிராங்க் ஸ்மைத்தும் கூட்டாளிகளும் நீங்கள் போகப்போகிற இதே பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார்களே, அந்தக் காலம். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் விட்டாலே பிரமானி என்ற வழிகாட்டியின் தோழர்கள் ஆறு பேர் மலையில் இறந்துபோனார்கள், மோசமான காலணியும் அதற்கு ஒரு காரணம். அவர் உட்கார்ந்து யோசித்து 1937இல் பல் வைத்த ரப்பர் அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார். பல ஷூக்களின் அடியில் மஞ்சள் முத்திரையில் 'வைப்ரம்' என்று பார்த்திருப்பீர்கள், விட்டாலே பிரமானி என்ற பெயரின் சுருக்கம்தான் அது.

கடையில் இன்னும் இரண்டு சோதனை. ஷூவின் முன்னையும் பின்னையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும், கந்தல் மாதிரி முறுக்கிக்கொண்டால் வேண்டாம். அப்புறம் மடித்துப் பாருங்கள், விரல்கள் மடியும் இடத்தில்தான் மடிய வேண்டும், நட்ட நடுவில் மடிகிற ஷூ உள்ளங்காலைக் கொன்றுவிடும்.

நகம் கறுத்த கதைக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அது ஷூவின் எடையாலோ விலையாலோ வந்ததல்ல. இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னே சறுக்கி, கட்டைவிரல் ஷூவின் மூக்கில் இடித்திருக்கிறது. பருவதமலை மாதிரி செங்குத்தில் சில ஆயிரம் இடி. ஒன்று ஷூ சின்னது, அல்லது லேஸ் தளர்வு, பெரும்பாலும் இரண்டும். நம் ஆட்கள், குறிப்பாகப் பெண்கள், கல்யாணத்தின்போது போட்ட சைஸையே ஐம்பது வயது வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்குப் பாதம் நிரந்தரமாகவே நீண்டுவிடுகிறது, வயது ஏற ஏற வளைவு தாழ்ந்து அகலமாகிறது. ஆகவே உங்கள் சைஸ் என்ன என்று கடையில் கேட்டால் சொல்லாதீர்கள், அளக்கச் சொல்லுங்கள், இரண்டு காலையும். பெரிய காலுக்குத்தான் ஷூ.

சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருக்கும், மலையில் இதைவிட வீங்கும். மலைக்குப் போடப்போகிற அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப்போங்கள். ஷூவின் உள்மெத்தையை வெளியே உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே வழிந்தால் அகலம் போதாது, விரல் நுனிக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் நகத்தின் அகலம், அதாவது 10-12 மில்லிமீட்டர், மிச்சம் இல்லாவிட்டால் நீளம் போதாது. ஒரு யூகே சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் சுமார் எட்டரை மில்லிமீட்டர், ஆகவே இப்போது போடுவதைவிட அரையோ ஒன்றோ கூடுதலாகத்தான் உங்களுக்கு அமையும் என்று நினைக்கிறேன். பெண்கள் மாடல் அகலம் பற்றவில்லை என்றால் கூச்சப்படாமல் ஆண்கள் அலமாரிக்குப் போங்கள். கடையில் படி இருந்தால் இறங்கிப் பாருங்கள், சரிவுப் பலகை வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஏறுவது முக்கியமில்லை, இறங்கும்போது விரல் மூக்கைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி.

பெரிய ஷூ என்றால் குதிகால் கழன்று கொப்புளம் வருமே என்பீர்கள். வராது, கட்டத் தெரிந்தால். ஷூவின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில், கடைசித் துளைக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி, யாரும் உபயோகிக்காத ஒரு துளை அநாதையாக இருக்கும். கடைசித் துளையில் வெளியே வந்த லேஸை அதே பக்கம் அந்த அநாதைத் துளையில் உள்ளே விடுங்கள், முழுக்க இழுக்காமல் வெளியே ஒரு சின்ன வளையம் விடுங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படி. பிறகு வலது லேஸை இடது வளையத்திலும் இடது லேஸை வலது வளையத்திலும் கோத்து, குதிகாலைத் தரையில் ஒரு தட்டு தட்டிப் பின்னால் உட்காரவைத்து, மேல்நோக்கி இல்லாமல் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் கழுத்தைப் பிடித்த மாதிரி நிற்கும், விரல்களுக்கு முன்னால் இடம் இருக்கும். ஏறும்போது சாதாரணமாகக் கட்டினாலும் பரவாயில்லை, இறங்குவதற்கு முன் உட்கார்ந்து இப்படி மாற்றிக் கட்டுங்கள். கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு நகத்தை நேராக வெட்டிவிடுங்கள், ஓரத்தைத் தோண்டாமல்.

வாட்டர்ப்ரூஃப் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம்பும்படி இருக்காது, காரணம் சொல்கிறேன். வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குள் வைத்துத் தைத்திருக்கிற சவ்வு வெளியிலிருந்து வருகிற தண்ணீரைத் தடுப்பது உண்மைதான், நவம்பரில் பனிப்புல்லில் நடக்க அருமையானது. ஆனால் ஆகஸ்ட் மழை மணிக்கணக்கில் பெய்யும், பேன்ட் வழியே ஒழுகி, சாக்ஸ் வழியே இறங்கி, ஷூவின் வாய் வழியாக உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, இரண்டு காலிலும் இரண்டு குவளை. வலைத்துணி ஷூ ஐந்து நிமிடத்தில் நனையும், நடக்க நடக்க ஒவ்வோர் அடியும் பம்ப் மாதிரி தண்ணீரை வெளியே தள்ளிவிடும், எடையும் அவ்வளவாக ஏறாது. நனையாமல் போக முடியாது என்று ஏற்றுக்கொண்டு, நனைந்த காலைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று யோசிப்பதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

அதற்குச் சாக்ஸ். காட்டன் கூடவே கூடாது, ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும், ஊறிய தோல்தான் உரியும். கம்பளி கலந்தது மூன்று ஜோடி, நனைந்தாலும் கதகதப்பு போகாது. நாலாவது ஜோடி ஒன்றை ஜிப் கவரில் போட்டுவிடுங்கள், அது ராத்திரித் தூக்கத்துக்கு மட்டும், என்ன ஆனாலும் வெளியே எடுத்து நடக்கக் கூடாது. ஹேம்குண்டில் குருத்வாராவுக்குள் போக ஷூவைக் கழற்ற வேண்டும், அந்த உயரத்தில் ஈரக்கல் பாதத்தைக் கடிக்கும், அங்கே மாற்ற ஒரு காய்ந்த ஜோடி சட்டைக்குள் இருந்தால் அதன் அருமை தெரியும். காங்கரியா லாட்ஜில் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பஞ்சு சுருங்கும், பசை விடும்.

பசை என்றதும் என் கதை ஒன்று. ஒரு நல்ல பூட்ஸ், நாலு வருஷம் பரணில் அட்டைப் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தது, புத்தம் புதுசு மாதிரி. கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்கும்போது வலது கால் அடிப்பாகம் முன்னாலிருந்து வாய் பிளந்து, டப் டப் என்று அடித்துக்கொண்டே வந்தது, பாதி வழியில் முழுசாகவே கழன்று கையில் வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் பாலியூரித்தேன் பஞ்சு பழைய புட்டு மாதிரி உதிர்கிறது. காற்றில் இருக்கிற ஈரம் சும்மா கிடக்கிற ஷூவையும் உள்ளிருந்தே தின்றுவிடும். அங்கிருந்தே திரும்பி, மேலே வரை அடிப்பாகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு ஏறினேன், எதிரே வந்தவர்கள் எல்லாரும் அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார்கள். அதிலிருந்து பையில் நாலு கேபிள் டை எப்போதும் இருக்கும். உங்கள் தோழிகளில் யாராவது "என்கிட்ட பழைய பூட்ஸ் இருக்கு" என்றால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

லேசான ஷூ எல்லாருக்கும் எல்லா மலைக்கும் என்று சொல்லவில்லை. பனியில் இரும்புப் பற்கள் மாட்டி நடக்கிற பயணம், முதுகில் பதினைந்து கிலோவுக்கு மேல் சுமை, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், இவர்களுக்கு என் பதில் வேறு. நீங்கள் லாட்ஜில் தங்கி, பெரிய பையைக் காங்கரியாவில் வைத்துவிட்டுத் தண்ணீரும் மழைக்கோட்டும் மட்டும் எடுத்துப்போகப் போகிறீர்கள், முதுகு லேசு, ஆகவே காலும் லேசாக இருக்கலாம். 1955இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, 67 வயதில், பதினொரு பிள்ளை பெற்றவர், கான்வாஸ் ஷூவோடும் தானே தைத்த ஒரு துணிப்பையோடும் அப்பலாச்சியன் மலைப்பாதையின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் தனியாக நடந்து முடித்தார். ஷூதான் ஜோடி ஜோடியாகக் கிழிந்தது. அதுவும் உண்மை, லேசான ஷூ நீண்ட நாள் வராது. 500, 800 கிலோமீட்டரில் பஞ்சு செத்துவிடும்.

பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன், கோபிக்க வேண்டாம். ஒரே பெயரில் வருகிற மாடலை அடுத்த வருஷமே அகலம் மாற்றி விடுகிறார்கள், என் காலுக்குப் பொருந்தியது உங்கள் காலுக்குப் பொருந்தும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ட்ரெயில் ஷூ என்று கேளுங்கள், ஒரு ஷூ 350 கிராமுக்குள், மேலே சொன்னபடி பார்த்து வாங்குங்கள். ஷூவில் மிச்சமான காசில் ஒரு ஜோடி கைத்தடி, வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குகிறோமே, அதே வேலைதான், ஆனால் மடிக்கலாம். உங்கள் இடது கணுக்காலுக்கு எந்த பூட்ஸையும்விட அது பெரிய துணை. மருந்துக்கடையில் ஒரு மைக்ரோபோர் டேப் சுருளும் வாங்குங்கள், நடக்கும்போது எங்காவது சூடாக உறுத்தினால் "அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்" என்று போகாமல் அங்கேயே உட்கார்ந்து காயவைத்து ஒட்டிவிடுங்கள்.

இந்த மாதமே வாங்கி, போவதற்கு முன் ஐம்பது கிலோமீட்டராவது அதிலேயே நடங்கள். பக்கத்தில் சென்னிமலை இருக்கிறது, 1,320 படி. செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் நடுவே ஷூவோடு ஏற மனசு வராவிட்டால் வண்டி போகிற மலைப்பாதையில் ஏறி இறங்குங்கள், இறக்கத்துக்கு அதுவே போதும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு வேலை. சுவர் பக்கம் நின்று, கண்ணை மூடி, இடது காலில் மட்டும் எத்தனை விநாடி நிற்க முடிகிறது என்று மகனை எண்ணச் சொல்லுங்கள், அப்புறம் வலது கால். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நேராகக் கடைக்குப் போகலாம். இடது பாதிகூட வரவில்லை, அல்லது சமதரையில் நடக்கும்போதே அவ்வப்போது மடங்குகிறது என்றால், முதலில் திருப்பூரிலேயே ஒரு பிசியோவிடம் காட்டுங்கள், ஷூ அப்புறம்.